பீங்கான் பொம்மைக் குழுவுக்குப் பாடியது யார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஞாபகமும் முன்போல இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவள் நான்.

அப்படிப்பட்டவளை எழுத வைத்தது ஒரு பொன்னாடை. போன தை மாதம் எங்கள் விருத்தாசலத்தில் ஒரு நடனப் பள்ளியின் ஆண்டு விழா. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள், போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஆடுவதற்கு முன்னால் என் அக்கா மகனை மேடையில் ஏற்றினார்கள். முன்னோடி என்றார்கள். நம் ஊர்ப் பெருமை என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவனும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அந்தக் காலத்துலயே வெளிநாட்டு டான்ஸ் மியூசிக்க இந்த ஊருக்குக் கொண்டாந்தவன் நான். பாடுறதுக்குன்னே பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு பாடகிய வரவழைச்சேன்."

கை தட்டினார்கள். எழுந்து நின்று, "டேய், பொய் சொல்லாதடா" என்று கத்த வேண்டும் போல இருந்தது. எழுந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "மறைக்குதும்மா, ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவனுடைய அந்தக் குழுவை எனக்குத் தெரிந்த அளவுக்கு மேடையில் இருந்த யாருக்கும் தெரியாது. அது பிறந்ததைப் பார்த்தேன், போன இடமெல்லாம் அதே வேனில் போனேன், செத்ததையும் பார்த்தேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

அப்போது அவன் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தான். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்த கூழை அச்சில் ஊற்றி பொம்மை எடுக்கிற வேலை. கூழை நாங்கள் சிலிப்பு என்போம். நானும் என் மகளும் அதே பட்டறைதான். பொம்மையின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும், அதைச் சுரண்டித் துடைப்பது என் வேலை. மகள் கண் எழுதுவாள். பிள்ளையாருக்கும் அவள்தான் கண், நாய்க்குட்டி பொம்மைக்கும் அவள்தான் கண். எழுதும்போது பாடிக்கொண்டே எழுதுவாள். அவள் லீவு போட்ட நாளில் மேஸ்திரி, "இன்னா இன்னிக்கி கொட்டாயே செத்துக் கெடக்குது" என்பார். நல்ல குரல். நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் பாட வராது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருத்தன் அக்கா மகனிடம் ஒரு சிடியைக் கொடுத்தான். வாடகைக்கு பிளேயர் எடுத்து வந்து எங்கள் வீட்டு டிவியில்தான் போட்டுக் காட்டினான். ஐரோப்பா தேசத்துக் குழுவாம். மூன்று ஆணும் ஒரு பெண்ணும் நிலாவுக்குப் போகிறவர்கள் மாதிரி வெள்ளிக் கலரில் உடுப்புப் போட்டுக்கொண்டு குதிக்கிறார்கள். ஒருத்தன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் போல உறுமுகிறான். அந்தப் பெண் கீச்சென்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். பின்னால் டம் டம் டம் டம் என்று ஒரே அடி. அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், பாட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சின்னம்மா, இனிமே இதான் ஒலகம்" என்றான்.

"தலைய வலிக்குதுடா."

"வலிக்கணும் சின்னம்மா. அதான் மியூசிக்கு."

அதைப் போல ஒரு குழு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். அவர்களுக்கு நிலா என்றால் நமக்குப் பீங்கான். நாலு பேரும் உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு பொம்மை போல விறைத்து நிற்க வேண்டியது, மியூசிக் வந்ததும் வெட்டி வெட்டி ஆட வேண்டியது. இதுதான் அவன் கண்டுபிடித்த புதுமை. சூளைக்காரர் ஒருவரைச் சேர்த்தான். அவருக்குத் தொப்பை, அதனால் தலையாட்டி பொம்மை. வேன் ஓட்டுகிறவர் ஒருவர், அவர் போலீஸ்கார பொம்மை. இவன் உறுமுகிறவன். குழுவுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்தார்கள். அதை எழுத எனக்கு வராது, வந்தாலும் எழுத மாட்டேன்.

பாட்டு ஒன்று கட்டினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார்கள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இதுதான் அந்தப் பாட்டு:

டொக்கு டொக்கு பீங்கான்
தொட்டா ஒடையும் பீங்கான்
சீரு கொண்டு வாரார் பாரு
சிங்கம் போல மாமன்.

இதற்கு இத்தனை டீ.

ஒரு நாள் வேலை விட்டதும் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னான்: "தங்கச்சி, நீதான் பாடுற. இந்தக் கொரலு வேற யாருக்கும் வராது."

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாடுறேண்ணா. எங்க நிக்கணும்? நடுவுலயா, ஓரத்துலயா?"

அவன் பிடரியைத் தடவினான். "நிக்கிறது... அதுக்குப் பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு வருது. டான்ஸ் ஆடுன பொண்ணு. நீ பின்னால வேன்ல ஒக்காந்து மைக்குல பாடுவ. அது முன்னால வாயசைக்கும்."

"ஏன், நான் நின்னா என்னாவாம்?"

"வெளிநாட்டுலயே அப்பிடித்தான் தங்கச்சி. பாடுறவ ஒருத்தி, நிக்கிறவ ஒருத்தி. நீ கொஞ்சம் கட்டையா வேற இருக்க. நெறமும்... பொம்மைன்னா பளிச்சுன்னு இருக்கணுமில்ல."

"எல்லாரு மூஞ்சிலயும்தான வெள்ளைய அப்பப் போறீங்க? உள்ள எந்த நெறம் இருந்தா என்னா?"

 சிரித்தான். பதில் இல்லாதபோது சிரிப்பது அவன் வழக்கம், போன தை மாதம் பொன்னாடை போர்த்தியபோதும் அப்படித்தான் சிரித்தான். "கோச்சுக்காத. நாலு ஃபங்ஷன் போவட்டும். அப்பறம் நீயே முன்னாடி நில்லு. நான் ஆச்சு" என்றான்.

அவள் நம்பினாள். பணத்துக்காகவோ ஊர் சுற்றிப் பார்க்கவோ அவள் போகவில்லை. தன் குரல் தன் வாயிலிருந்து வருவதை நாலு பேர் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக வேனில் அனுப்ப முடியாது என்று நானும் கூடப் போனேன். அதனால்தான் இத்தனையும் பார்க்க நேர்ந்தது.

இந்தக் கூத்து எப்படி நிலைத்தது என்று கேட்பீர்கள். தாய்மாமன்கள்தான் காரணம். எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருவார். அதை ஊர் பார்க்க ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். ஒரு மாமன் மேளம் வைத்தால் இன்னொரு மாமன் குதிரை வைப்பார், அடுத்தவர் வெடி வைப்பார். இவர்களைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பதில்தான் அக்கா மகன் கெட்டிக்காரன். பட்டறையில் பொம்மையை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவோம் அல்லவா, அதே போல ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து, அதில் வைக்கோலுக்கு நடுவே நாலு பேரும் நிற்பார்கள். பெட்டி டிராக்டரில் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் வரும். பந்தலுக்கு வந்ததும் மாமன் தன் கையால் பெட்டியைத் திறப்பார். உள்ளே நாலு வெள்ளைப் பொம்மை. ஊரே வாயைப் பிளக்கும். டம் டம் என்று ஆரம்பிக்கும். தலையில் வைக்கோலோடு அந்த நாலு பேரும் கையையும் காலையும் வெட்டி வெட்டி ஆடியதைப் பார்க்கச் சகிக்காது. சூளைக்காரரின் தொப்பை ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். இவன் நடுவில் வந்து, "ஹேய்! ஹேய்! மாமா ஹேய்!" என்று உறுமுவான். அது ஒரு சங்கீதம். அதற்கு இப்போது பொன்னாடை.

மியூசிக் மட்டும் சிடியில் இருக்கும். பாட்டை சிடியில் பதிக்க முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு விசேஷத்திலும் மாமன் பெயரும் ஊர் பெயரும் அவர் சம்சாரத்தின் பெயரும் பாட்டில் வர வேண்டும். சில இடத்தில் பெட்டியைத் திறக்கிற நேரத்தில் ஓடி வந்து, "எங்க மச்சான் பேரையும் சேத்துக்கங்க" என்பார்கள். நான் கேட்டு வந்து சொல்ல, அதையும் சேர்த்துத் தாளத்தில் உட்கார வைத்து என் மகள் பாடுவாள். வேன் பந்தலுக்குப் பின்னால் நிற்கும். ஜன்னலுக்குத் துணி கட்டியிருக்கும். வெயிலில் வேன் அடுப்பாகக் காயும். நான் பனை விசிறியால் அவளுக்கு விசிறுவேன், விசிறுகிற சத்தம் மைக்கில் கேட்கக் கூடாது என்று மெதுவாக விசிறுவேன். வெளியே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கை தட்டுவது மட்டும் கேட்கும்.

பாண்டிச்சேரிப் பெண்ணைப் பற்றி முதலில் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஒல்லியாக, சிவப்பாக இருந்தாள். பேசினால் மட்டும் குரல் ஆண்பிள்ளை போலக் கரகரக்கும். அதனால் விசேஷம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று இவன் சொல்லி வைத்திருந்தான். எங்கள் ஜில்லாவில் இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு விசேஷத்தில் பொம்பளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எம்மாடி, இன்னா கொரலு! கணீர்னு இருக்குதே!"

"எங்கம்மா பாட்டுப் படிச்ச?"

"எம் பொண்ணுக்கும் சொல்லிக் குடேன்."

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டாள். "தொண்டைக்கு ரெஸ்ட்டு குடுக்குறாங்க. பெரிய பாடகிங்க அப்பிடித்தான்" என்று இவன் முந்திக்கொண்டான். நானும் மகளும் அவர்களுக்குப் பக்கத்தில்தான் பந்திக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "நீங்க யாரு? பாத்திரம் கழுவ வந்தவங்களா? பின்னால போங்க, அப்பறம் போடுவாங்க" என்றாள்.

"இல்லீங்க. வேனோட வந்தவங்க" என்றாள் மகள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வேனில் ஏறியதும் அண்ணன்காரனைக் கேட்டாள்: "நாலு ஃபங்ஷன்னு சொன்ன. எத்தினி ஆச்சுன்னு எண்ணிப் பாத்தியா?"

"அடுத்தது திட்டக்குடிப் பக்கம் பெரிய எடம். அதுல நீதான் முன்னாடி. சத்தியமா."

இப்போது அந்தத் திட்டக்குடிப் பக்கத்து விசேஷத்துக்கு வருகிறேன். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன்கள். அண்ணன் தம்பிதான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவர் குதிரையும் பேண்டு வாத்தியமும் கொண்டு வருகிறார். அதை முறியடிக்கச் சின்னவர் எங்கள் பெட்டியைப் பிடித்தார். பிடிக்கும்போதே ஒரு குறை சொன்னார். அவர் வேறொரு விசேஷத்தில் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். அது வரைக்கும் பவுடரை எண்ணெயில் குழைத்துத்தான் பூசுவார்கள். ஆட ஆட வேர்வையில் கரைந்து ஒழுகும்.

"பொம்மைன்னா பொம்மையா இருக்கணும்பா. மூஞ்சி ஒழுவுற பொம்மைய எவன் வாங்குவான்?" என்றாராம்.

அதற்கு இவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். பட்டறையில் வாளி வாளியாக சிலிப்பு இருக்கிறது. பாலாடை போல வழவழவென்று இருக்கும், பூசினால் அச்சு அசல் பீங்கான். அதில் கொஞ்சம் வேலம் பிசினைக் கரைத்துக் கலந்தால் ஒழுகாது. குழுவில் எல்லாரும் வாழ்நாளெல்லாம் களிமண்ணோடு கிடந்தவர்கள். ஈரப் பொம்மையை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பொம்மையை நிழலில் ஆற வைப்பார்கள், ஈரச்சாக்கு போட்டு மூடுவார்கள், காற்று பட்டால் பதறுவார்கள். ஆனால் மூஞ்சியும் அப்படித்தான் காயும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பொய் சொல்லக் கூடாது. பூசி முடித்து நாலு பேரும் நின்றபோது உண்மையிலேயே பொம்மை போலத்தான் இருந்தார்கள்.

மகள் அன்றைக்கு மாம்பழக் கலரில் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலை நிறையப் பூ. அண்ணன்காரன் அவளைப் பார்த்ததும் பிடரியைத் தடவினான்.

"தங்கச்சி, பெரிய எடம். இதுல புதுசா ஒண்ணு பண்ணி ஏடாகூடமா ஆயிடக் கூடாது. அடுத்ததுல பாத்துக்கலாம்."

அவள் வேனுக்குள் ஏறி, மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் துணியை இழுத்து விட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

சித்திரை வெயில். உச்சி வேளை. ஊர்வலம் பெருமாள் கோயிலைச் சுற்றி மெதுவாக வந்தது, பெரியவருடைய குதிரை வழியை விடாமல் முன்னால் ஆடிக்கொண்டே போனது. பெட்டிக்குள் நாலு பேரும் சுற்றிலும் வைக்கோலோடு நின்றபடியே வந்தார்கள். பந்தலில் சின்ன மாமன் பெட்டியைத் திறந்தார். ஊர் வாயைப் பிளந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஃபேன் வைத்திருந்தார்கள். அந்தக் காற்றும் முகத்தில் அடித்தது. டம் டம் ஆரம்பித்தது. வேன் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பாட ஆரம்பித்தாள். டொக்கு டொக்கு பீங்கான். முன்னால் பாண்டிச்சேரிப் பெண் கையை ஆட்டுகிறாள், காலை ஆட்டுகிறாள், வாய் மட்டும் அசையவில்லை. கண்ணை உருட்டி உருட்டி இவனைப் பார்க்கிறாள். உதட்டுக்கு மேல் காய்ந்து இறுகிப் போய்விட்டது. முகமே இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கிறது. குரல் பாட்டுக்குக் கணீரென்று வருகிறது.

முதலில் ஒரு பையன்தான் சிரித்தான். அப்புறம் பெரிய மாமன் பக்கத்து ஆட்கள்.

"டேய், வாயே தொறக்கலடா!"

"பின்ன எது பாடுது, வவுறா?"

"பெட்டிக்குள்ள இன்னொரு பொம்மைய வுட்டுட்டு வந்துட்டாங்கடா, அது பாடுது!"

மகளுக்கு எதுவும் தெரியாது. சிரிப்புச் சத்தத்தை ஆரவாரம் என்று நினைத்து இன்னும் எடுத்துப் பாடினாள். இவனுக்குச் சமாளிக்க வேண்டுமே. நடுவில் குதித்து வந்து, "ஹேய்! ஹேய்! மாமா ஹேய்!" என்று வாயை அகலத் திறந்து உறுமினான். அவ்வளவுதான். கன்னத்தில் கீறல் விட்டது. நெற்றி வரைக்கும் ஓடியது. அடுத்த ஹேய்க்கு ஒரு கன்னம் முழுதாகப் பெயர்ந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவின் வேட்டியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, "இந்தாப்பா, ஒன் மூஞ்சி" என்று நீட்டினார். பந்தல் அதிர்ந்தது. சூளைக்காரருக்குத் தொப்பையிலிருந்து ஓடு ஓடாக உதிர்ந்தது. அதற்கும் டம் டம் நிற்கவில்லை.

சின்ன மாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. கையைத் தூக்கினார். மியூசிக்கை நிறுத்தினார்கள். நிறுத்தினதும் என் மகளுடைய குரல் மட்டும், மாமன் பெயரோடு, ஒரு வரி தனியாக வந்து நின்றது.

"யார்றா பாடுறது?" என்றார் அவர்.

இவன் சிரித்தான். பாதி மூஞ்சியோடு சிரித்தான்.

பந்தலில் வெற்றிலைத் தட்டோடு நின்ற ஒரு பெரியம்மா, பெண்ணுக்கு என்ன உறவோ தெரியாது, ஒயர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே நேராக வேனுக்கு வந்தாள். நான் பிடித்திருந்த கதவை என் கையோடு சேர்த்து இழுத்துத் திறந்தாள். மாம்பழச் சேலையில் மைக்கோடு என் மகள். பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடியே! இம்மாம் லட்சணமா ஒரு பொண்ண வேனுக்குள்ள பூட்டி வெச்சிட்டு, சுண்ணாம்படிச்சவளையா ஆட வுட்டாங்க? எறங்கு!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தல் நடுவில் நிறுத்தினாள். "இந்தா, இதான் பாடுது" என்றாள்.

சின்ன மாமன் மகளைப் பார்த்தார். "நீயாம்மா பாடுன?"

"ஆமாங்க."

"இத்தினி நேரமும்?"

"இத்தினி நாளும் நான்தாங்க."

"அப்ப பாடு. எம் பேரோட பாடு."

அவள் பாட்டுப் பெட்டி பக்கம் திரும்பினாள். இவன் அதை அணைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு நின்றான். மைக்கும் செத்துவிட்டது.  நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பேன். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் வாயில் பாடினாள். அதே டொக்கு டொக்கு பீங்கான்தான். டம் டம் இல்லாமல், உறுமல் இல்லாமல், மெதுவாக எடுத்துப் பாடினாள். வெற்றிலைத் தட்டுப் பெரியம்மா கை தட்டித் தாளம் போட, இன்னும் சில பொம்பளைகள் சேர்ந்துகொண்டார்கள். மாமன் பெயர் வந்தது, ஊர் வந்தது, அவர் சம்சாரத்தின் பெயர் வந்தது. கடைசியில் அவளாகவே இன்னொன்றையும் சேர்த்தாள். பெரிய மாமன் பெயர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இரைச்சல் இல்லாமல் கேட்டபோது அந்தப் பாட்டு நன்றாக இருந்ததா என்றால், இல்லை. குப்பைப் பாட்டு குப்பைப் பாட்டுதான். ஆனால் பாடினது என் மகள் என்று அத்தனை பேரும் பார்த்தார்கள்.

முடிந்ததும் பொம்பளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எந்த ஊரும்மா?", "யாரு பொண்ணு?" என்றார்கள். அவள் என்னைக் கை காட்டினாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வேன் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாண்டிச்சேரிப் பெண் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிசின் விடவில்லை. நான் இறங்கிப் போய் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன். கன்னமெல்லாம் சிவந்து போயிருந்தது. வாய் திறக்க முடிந்ததும் அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்: "அந்த அக்கா கொரலுக்கு வாயசைக்க எனக்கு எப்பவுமே பயம்மா. என்னிக்கின்னா மாட்டிக்குவேன்னு தெரியும். மாட்டுனதும் நல்லதுதான்." அதிலிருந்து அவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவளையும்தானே பெட்டியில் அடைத்து வைத்தார்கள்.

திரும்பி வரும்போது விருத்தாசலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போது இவன் பின்னால் திரும்பினான். காதோரம் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, ஜனங்க ஒன்னத்தான் கேக்குறாங்க. அடுத்த ஃபங்ஷன்ல நீயே நடுவுல நில்லு. பெட்டி ஒண்ணு சின்னதா அடிச்சிடலாம். பூசுறதுக்கு வேற எதாவது நல்லதா வாங்கிடலாம்."

"பூசிக்க மாட்டேண்ணா."

"கொஞ்சமாத்தான். மூஞ்சிக்கு மட்டும்."

"எம் மூஞ்சியோட நிக்கலாம்னா வரேன்."

"அப்ப அது பீங்கான் குழுவே இல்லியே!"

"ஆமா, இல்ல" என்றாள். கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நானும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கேட் திறக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. சின்ன வழியில் தண்டவாளத்தைத் தாண்டி, புதுச் சேலையோடு வீட்டுக்கு நடந்தோம். வேனுக்குள்ளிருந்து அவள் பார்க்காத கன்னம் விழுந்த கதையை நான் சொல்ல, பாதி வழியில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஒன் மூஞ்சி இந்தான்னா நீட்டுனாரும்மா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குழு அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. வேறொரு பெண்ணை வைத்துப் பாட வைத்துப் பார்த்தான். தாய்மாமன்கள் டிஜே பெட்டிக்குப் போய்விட்டார்கள். ஆளுயரப் பெட்டி பட்டறைக்குப் பின்னால் கிடந்தது, கோழி அடைத்தார்கள். கோழியும் தங்கவில்லை என்றுதான் ஞாபகம்.

மகளைத் திட்டக்குடியில்தான் கட்டிக் கொடுத்தேன். அந்த விசேஷத்தில் பார்த்தவர்கள் வழியாக வந்த சம்பந்தம். இப்போதும் அந்தப் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு என்றால் கூப்பிட்டு விடுகிறார்கள். தன் முகத்தோடு போய்ப் பாடிவிட்டு வருகிறாள். பொன்னாடைச் செய்தியை அவளிடம் சொன்னேன். "வுடும்மா, அண்ணனுக்கு அது ஒண்ணுதான இருக்குது" என்றாள். அவள் விட்டாலும் நான் விட மாட்டேன்.

இதைப் படித்துப் பார்த்துத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்னதில் தப்பிருக்கும். அது சித்திரையா வைகாசியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. குதிரை ஒன்றா இரண்டா என்பதும் நிச்சயமில்லை. உதிர்ந்தது இடது கன்னமா வலது கன்னமா என்று என்னைக் கேட்டால் தெரியாது. என் அக்கா மகனிடம் கேட்காதீர்கள், அவன் சிரிப்பான். திட்டக்குடிப் பக்கம் யாராவது போனால் அந்த வெற்றிலைத் தட்டுப் பெரியம்மா இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் இதைப் படித்துக் காட்டி, வேன் கதவைத் திறந்தபோது உள்ளே மைக்கோடு இருந்தது யார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதையும் இதற்குக் கீழே எழுதிவிடுங்கள்.